சங்கத்தின் இணையதளம்: எதைப் பார்த்துத் தேர்வது?

நிரல் எழுதத் தெரியாதவரும் தாமே இணையதளம் அமைத்துக்கொள்ள வழி செய்யும் நிறுவனங்கள் இன்று பல உள்ளன. விக்ஸ், ஷாப்பிஃபை, வேர்ட்பிரஸ், நம் அண்டை மாவட்டமான செங்கற்பட்டில் தலைமையகம் கொண்ட ஸோஹோ ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் சங்கத்துக்கு உகந்தது எது என்று மண்ணூர் வட்டாரத்து அங்கத்தினர் பலர் நம்மைக் கேட்டு வருகின்றனர்.

பெரும்பாலும் நிர்வாகக் குழுவினர் மாதிரிப் பக்கங்களின் வண்ணத்தையும் வடிவத்தையும் பார்த்தே முடிவு செய்கின்றனர். கடைக்கு இடம் வாடகைக்குப் பிடிக்கும்போது சுவரின் வெள்ளையையா பார்க்கிறோம்? ஒப்பந்தத்தையும், காலி செய்யும்போது எதை எடுத்துச் செல்லலாம் என்பதையும் அன்றோ பார்க்கிறோம்!

கூகுள் நிறுவனம் தன் வணிகப் பட்டியலில் பதிந்தோர்க்கு இலவசமாக ஒரு பக்கத் தளம் அமைத்துக் கொடுத்து வந்தது. 2024 மார்ச் மாதத்தில் அத்தளங்கள் நிறுத்தப்பட்டன. பழைய முகவரியை நாடியவர்கள் அவ்வாண்டு ஜூன் 10 வரை பட்டியல் பக்கத்துக்குத் திருப்பி விடப்பட்டனர். அதன் பிறகு அதுவும் இல்லை. அம்முகவரியைப் பையிலும் ரசீதிலும் அச்சிட்டவர்களுக்கு அச்சுக்கூலி வீண். 2006இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதைக் கண்ட நம்மவர்க்கு, பிறர் முடிவால் கதவடைபடுவது புதிய செய்தியன்று.

ஆகையால் முதற்கண் கவனிக்க வேண்டியது தளப்பெயர். சேவை நிறுவனத்தின் பெயரை வாலாகக் கொண்ட இலவச முகவரி வேண்டா. '.இன்' என முடியும் பெயரைச் சிறு ஆண்டுக் கட்டணத்தில் பெறலாம். கூட்டுறவு அமைப்புகளுக்கென்றே '.கூப்' என்னும் முடிவும் உண்டு. கூட்டுறவு அமைப்பே என்று மெய்ப்பித்தால்தான் அது கிடைக்கும். (பெருமை அதிகம், விலையும் அதிகம்.) எதுவாயினும் பதிவு சங்கத்தின் பெயரிலும், சங்கத்தின் மின்னஞ்சலிலும் இருத்தல் அவசியம். நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் அப்பதிவு காரியதரிசியின் மருமகன் பெயரில் இருந்தது. அவர் வெளிநாடு சென்றபின் புதுப்பிக்க ஆளில்லை, பெயர் காலாவதியாயிற்று. நிலப் பத்திரத்தை இவ்வாறு எழுதச் சம்மதிப்போமா? கடவுச்சொல் இருவர் அறிய, உறையிட்டுச் சங்கப் பெட்டியில் இருக்கட்டும்.

பெயர் நம்முடையதாயின் கடையை வேறிடத்துக்கு மாற்றலாம். ஆனால் சரக்கு உடன் வருமா? விக்ஸ் தளத்தில் கட்டிய பக்கங்களை அப்படியே பெயர்த்து வேறிடத்தில் நிறுவ இயலாது. பொருட்பட்டியலைக் கோப்பாக எடுக்கலாம், அலங்காரம் அங்கேயே நின்றுவிடும். 2003இல் தோன்றிய வேர்ட்பிரஸ் மென்பொருளோ எவரும் இலவசமாகப் பெற்று, விரும்பிய இடத்தில் வைத்து நடத்தக்கூடியது. அச்சுதந்திரத்துக்கு உழைப்பு வேண்டும்: அவ்வப்போது புதுப்பித்தல், பிரதி எடுத்தல், திருட்டுப் புகாமற் காத்தல். எழுத்தர் ஒருவரே உள்ள நெசவாளர் சங்கம் இதை மேற்கொள்வதை நாம் பரிந்துரைப்பதில்லை. அத்தகைய சங்கம் ஸோஹோ, ஷாப்பிஃபை போன்ற மாதக் கட்டணச் சேவையை நாடலாம். சேலைகளின் படங்கள், நீளம், எடை, விலை யாவற்றின் பிரதியும் சங்கக் கணிப்பொறியில் தனியே இருக்குமாயின் அச்சமில்லை.

இனிச் செலவு. விளம்பரத்தில் காண்பது முதலாண்டுக் கட்டணம். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டு எழுதிக்கொள்க. பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் நூற்றுக்கு 2 வீதம் எடுப்பதாகக் கொள்வோம். 12,000 ரூபாய்ப் பட்டுச் சேலைக்கு அது 240 ரூபாய். அதன்மேல் 18 சதவீத வரி 43 ரூபாய் 20 காசு. ஆக 283 ரூபாய் 20 காசு. சில கடைத்தளங்கள் இதன்மேலும் தமக்கென ஒரு பங்கு கேட்கின்றன. அதுவும் நூற்றுக்கு 2 ஆயின், வரி நீங்கலாகவே இன்னும் 240 போய்விடும். நெய்தவர் கூலியிலிருந்து இதைப் பிடிப்பதா, விலையில் ஏற்றுவதா என்பதை நிர்வாகக் குழு முன்னரே தீர்மானிக்க வேண்டும்.

காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருந்து வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாதாகையால், அதனை உபயோகிக்கும் உரிமை பெற்ற சங்கங்கள் அவ்விவரத்தை முதற்பக்கத்திலேயே தருக.

கீரையும் காய்கறியும் விளைவிக்கும் சங்கங்களுக்கு இத்தனையும் தேவையா? இல்லை என்பதே நம் கருத்து. காலையில் பறித்த கீரை மாலைக்குள் விற்றாக வேண்டும். அதை வாங்குபவர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை அண்டி வாழும் குடும்பங்கள். கூகுள் வணிகப் பட்டியல் இன்றும் இலவசமாகவே உள்ளது. அதில் சங்கத்தின் இடம், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிந்து, வாட்ஸ்அப்பில் அன்றைய விலையை அனுப்பினால் இப்போதைக்குப் போதும். மீதப்பணத்தில் தராசுக்கு முத்திரை போடுக.