ஆய்வு மாணவர்கள் செய்யக்கூடிய சதகா

சிறுபான்மையினரின் முனைவர் பட்ட ஆய்வுக்காக 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி வழியில்லை என்று நம் பிள்ளைகள் முதுகலையோடு நின்றுவிடக் கூடாது.

யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்று ஆய்வில் சேர்ந்தால், முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் என 2023-இல் உயர்த்தப்பட்ட உதவித்தொகை உண்டு. வயது வரம்பில் பெண்களுக்கும் ஓபிசியினருக்கும் 5 ஆண்டுகள் சலுகையும் உண்டு.

சான்றிதழில்தான் கவனம் தேவை. தமிழக அரசுக்கான பிசிஎம் சான்றிதழ் இதற்குச் செல்லாது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் குடும்பத்தினர் வருமான வரம்புக்கு உட்பட்டிருந்தால், மத்திய அரசுக்குரிய ஓபிசி சான்றிதழை இ-சேவை மையம் வழியாகத் தனியே பெற வேண்டும். அதுவும் தேர்வு அறிவிப்பு வரும் முன்பே.

இவற்றையெல்லாம் கடந்து வந்தவர்கள் நம் ஊர் ஆய்வு மாணவர்கள். அவர்களிடம் நாம் கேட்பது பணமல்ல, நேரம். ஆளுக்கு இரண்டு தம்பி, தங்கையருக்கு விண்ணப்பம் நிரப்பவும், பாடத்திட்டம் படிக்கவும், நெறியாளரைத் தேடவும் கைகொடுங்கள். மரணத்திற்குப் பின்னும் நன்மை தொடரும் மூன்றில் பயனுள்ள கல்வியும் ஒன்று என்பது நபிமொழி. பெற்றோர்களும் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி வைப்போம்.

அல்லாஹ் நம் முயற்சியில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.