பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே...

தொப்பம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளே, மதிப்பெண் வந்தபின் இ-சேவை மைய வரிசையில் வேர்க்க வேண்டாம்.

1. சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றுகளுக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மனு மேசை மேசையாக நகர வேண்டும்.

2. வீட்டு மொபைல் எண்ணையே கொடுங்கள். பிரவுசிங் சென்டர் எண் கொடுத்தால் ஓ.டி.பி. அங்கே போகும், கடைக்காரர் வைகாசி விசாகத்துக்குப் பழனி போயிருந்தால் அவ்வளவுதான்!

3. 6 முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா? தலைமையாசிரியரிடம் சான்று வாங்குங்கள். பொறியியலில் 7.5% ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டும்.

4. பொறியியல் கலந்தாய்வில் மனசுக்குப் பிடித்த கல்லூரியை முதலில் போடுங்கள். பட்டியல் வரிசைப்படிதான் இடம் ஒதுக்குவார்கள்.

சந்தேகமா? 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கு அழையுங்கள்.