அரிதட்டும் அதிர்வும்

தானியத்தையும் மாவையும் தரம்பிரிக்கும் தொழிலுக்கு எம் முன்னோர் வழங்கிய சொற்கள் பல. சுளகினை மேனோக்கித் தட்டிப் பதரைப் புறத்தே விழச் செய்வது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துக் கல்லையும் மணியையும் வேறாக ஒதுக்குவது கொழித்தல். துளையுள்ள தட்டிலிட்டு ஆட்டி நுண்ணியதைக் கீழே விழச் செய்வது அரித்தல். அரிசியை நீரிலிட்டுச் சுழற்றிக் கல்லை அடியில் நிறுத்துவதும் அரித்தலே. இச்சொற்களை வேறுபடுத்துவது பொருளன்று, கையின் அசைவே. எத்திசையில் அசைப்பது, எவ்வளவு தூரம் அசைப்பது, எத்துணை விரைவாக அசைப்பது என்னும் மூன்று வினாக்களும் அச்சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இன்றைய பொறியியலாளன் அதிரும் அரிதட்டினை அமைக்கும்போது கேட்பனவும் அம்மூன்றே.

பவணந்தி முனிவர் நன்னூலிலே கடைமாணாக்கனுக்கு நெய்யரியை உவமை கூறினார். நல்ல நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்பாற் கொள்வதால் அவ்விழிவு. மாவரிப்பவனுக்கோ கீழே விழுவதுதான் வேண்டற்பாலது. ஆகவே அரிதட்டுக்கு அப்பழி முற்றும் பொருந்தாதென்று யான் வகுப்பிற் சொல்வதுண்டு. அது நிற்க.

தமிழாசிரியனாகிய யான் இப்பொருளில் தலையிட நேர்ந்த காரணத்தை முதலிற் கூறவேண்டும். எமது கல்லூரியின் கைப்பணி அறையில் மாணவர் சிலர் வாணிவிழாவுக்கெனக் கலைமகள் உருவம் ஒன்றைக் களிமண்ணாற் செய்து சூளையிற் சுட்டனர். உருவம் நன்றாகவே வந்தது. இரண்டு வாரம் கழித்து, விழாவுக்கு முன்னாள், திருமுகத்தின் கன்னத்திலிருந்து ஒரு சில்லு தெறித்து விழுந்தது. பின்னர் நெற்றியிலும் ஒன்று. தெறித்த குழியின் நடுவே மிளகின் அளவும் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி காணப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற்பாறையின் மேற் கிடப்பது. எம் குளத்து மண்ணில் அக்கல்லின் துணுக்குகள் கலந்திருப்பது இயல்பு. ஏறக்குறைய 800 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அத்துணுக்கு நீறாத சுண்ணாம்பாக மாறுகிறது. சூளையினின்று வெளிவந்தபின் அது காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி நீறிப் பருக்கிறது. பருத்து மேலுள்ள மண்ணைத் தள்ளிவிடுகிறது. அதே சுண்ணாம்பு நுண்பொடியாய் மண்ணெங்கும் பரந்திருப்பின் அத்துணைத் தீங்கு செய்வதில்லை. எனவே மண்ணை உலர்த்தி இடித்து நன்கு அரித்தாலன்றி உருவத்துக்கு உறுதியில்லை என்பது தெளிவாயிற்று.

அடுக்களை அரிதட்டு இதற்குப் போதாது. கம்பி வலைகளுக்கு எண் கூறும் முறை ஒன்றுண்டு. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை துளைகள் உளவோ அதுவே வலையின் எண். 60 எண் வலையின் துளை 0.25 மில்லிமீற்றர், 100 எண் வலையின் துளை 0.15, 200 எண் வலையின் துளை 0.075. ஓர் அங்குலமாகிய 25.4 மில்லிமீற்றரை 100 ஆற் பிரித்தால் 0.254 அன்றோ வரும், துளை 0.15 ஆனது எங்ஙனம் எனின், எஞ்சியதைக் கம்பியின் தடிப்பு கொள்கிறது. பரப்பாகக் கணக்கிடின் வலையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டதே திறந்த வெளி, மிகுதியெல்லாம் கம்பி. ஆதலால் ஒரு துகள் துளையைச் சந்திக்குமுன் பலமுறை கம்பியில் மோதித் திரும்ப வேண்டும். வலை நுண்ணிதாக ஆகக் கை சோர்வதற்குக் காரணம் இதுவே. 100 எண் வலையில் ஒரு சுண்டு மண்ணை அரிக்க முயன்ற மாணவர் இருவர் அரைமணி நேரத்தில் அதனைக் கைவிட்டனர்.

அவர்களுள் ஒருவன், பழுதான அச்சுப்பொறியிற் கழற்றிய 12 வோல்ற்று நேரோட்ட மோட்டர் ஒன்றைக் கொணர்ந்தான். அதன் அச்சில் ஒரு மரவட்டைச் செருகி, வட்டின் ஓரத்தில் ஓர் ஆணியையும் சுரையையும் இறுக்கினான். நடுவிற் பொருந்தாத திணிவு சுழலும்போது மோட்டரை அது எப்புறமும் இழுக்கும், அவ்விழுப்பே அதிர்வு. இதன் வலிமையைக் கணக்கிடுவது எளிது. திணிவு 20 கிராம், மையத்திலிருந்து அதன் தூரம் 1 சதமமீற்றர், சுழற்சி நிமிடத்துக்கு 3000 எனக் கொள்க. செக்கனுக்கு 50 சுற்று, கோணவேகம் 314. திணிவையும் தூரத்தையும் கோணவேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் ஏறக்குறைய 20 நியூற்றன் வருகிறது. அஃதாவது இரண்டு கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசை. வர்க்கம் என்பதைக் கவனிக்க: சுழற்சி வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அரிதட்டும் மண்ணும் மோட்டரும் சேர்ந்து 1 கிலோகிராம் ஆயின், இவ்விசை அவற்றுக்குப் புவியீர்ப்பைப்போல் இருமடங்கு ஆர்முடுகலைத் தரும். ஈர்ப்பின் ஆர்முடுகலை மிஞ்சினாலன்றித் துகள் வலையை விட்டுத் துள்ளாது. துள்ளினாலன்றி வேறொரு துளையைத் தேடாது. வியப்பு என்னவெனின், இவ்விருமடங்குக்கு வேண்டிய வீச்சம் 0.2 மில்லிமீற்றர் மாத்திரமே. கண்ணுக்கு அசைவே தோன்றாது. விரல் மாத்திரம் அறியும்.

கணக்கு இவ்வாறு இனிது முடிந்தும் முதற்கருவி பயன்படவில்லை. மாணவன் அரிதட்டை மேசையோடு ஆணியடித்து இறுக்கியிருந்தான். மேசை அதிர்ந்தது, சாளரக் கண்ணாடி அதிர்ந்தது, மண் அசையவில்லை. விசை முழுவதும் மேசையின் பெருந்திணிவை அசைக்கச் செலவாயிற்று. பழைய துவிச்சக்கரவண்டி ரியூபை நான்கு துண்டுகளாக வெட்டி அரிதட்டை ஒரு மரச்சட்டத்தினின்று தொங்கவிட்டபோதுதான் காரியம் கைகூடியது. தொங்கும் தொகுதிக்கு இயல்பான மீடிறன் ஒன்றுண்டு. மோட்டரின் மீடிறன் அதனிலும் பன்மடங்கு மேற்பட்டிருத்தல் நன்று. மோட்டர் வேகம் எடுக்கும்போதும் ஓயும்போதும் அவ்வியல்பு மீடிறனைக் கடந்து செல்லும். அக்கணத்தில் அரிதட்டு பேயாட்டம் ஆடும். அப்போது கையை அருகிற் கொண்டுசெல்லலாகாது. மோட்டரின் அச்சு கிடையாக இருத்தல் வேண்டும் என்பதும் அன்று கற்றது. அச்சு நிலைக்குத்தாயின் அசைவு கிடைத்தளத்தில் மாத்திரம் நிகழும். அது கொழிப்புக்கு ஒக்கும், புடைப்புக்கு ஒவ்வாது.

மின்சார மரந்தேய்கருவியைச் சட்டத்தில் அழுத்திப் பிடித்தும், மீன்தொட்டிக்குக் காற்றூதும் கருவியைக் கட்டியும் பார்த்தோம். முன்னையது வலிது, கை மரத்துப் போகும், பின்னையது மெலிது. ஆடலோட்ட மின்காந்தம் இரும்புத் தகட்டை இழுப்பதும் ஒரு நல்ல வழியே. எமது மின்வழங்கல் 50 மீடிறன் உடையதாயினும் தகடு செக்கனுக்கு 100 முறை அதிரும். ஓட்டம் எத்திசையிற் பாய்ந்தாலும் காந்தம் இரும்பை இழுக்குமன்றோ. ஆயினும் 230 வோல்ற்றுச் சுருளை மாணவர் கையிற் கொடுக்க யான் உடன்படவில்லை.

வலை தளர்ந்திருந்த ஒருநாள் மண் முழுவதும் சில கோடுகளிற் குவிந்து நின்றது. செருமானியராகிய கிளாட்னி 1787இல் வெளியிட்ட நூலிற் காட்டிய மணற்கோலங்கள் இவையே: அதிரும் தகட்டில் அசையாத கணுக்களை நோக்கி மணல் ஒதுங்கும். மிக நுண்ணிய பொடியோ அதிர்வு மிகுந்த முரண்கணுக்களிற் குவியும். அதற்குக் காரணம் தகட்டின்மேல் எழும் காற்றோட்டம் என்பதை மைக்கல் பரடே 1831இல் விளக்கினார். கோலம் அழகிதேனும் அரிப்புக்குப் பகை. வலையை இழுத்துக் கட்டியபின் அது நீங்கியது. துளைக்கு ஏறக்குறைய ஒத்த பருமனுடைய துகள்கள் துளையிற் சிக்கி அடைப்பது மற்றொரு தொல்லை. வலையின்மேல் இரண்டு சிறு இறப்பர்ப் பந்துகளை இட்டால் அவை துள்ளி அடைப்பைத் தட்டிவிடும். மண் வெயிலில் நன்கு காய்ந்திருத்தல் வேண்டும். தட்டில் விரலளவினும் குறைந்த கனத்திற் பரப்புதல் வேண்டும்.

இனிக் கூறுவது என் தவறு. கருவி நன்கு இயங்கிய மகிழ்ச்சியில் அறைக் கதவைச் சாத்தி ஒரு மாலை முழுவதும் அரிக்க விட்டேன். மூடியில்லாத தட்டு. அன்றிரவு அம்மாணவருள் ஒருவனுக்கு இழுப்பு முற்றி வைத்தியசாலையில் இரண்டு நாள் கிடந்தான். அவனுக்கு இளமையிலிருந்தே அந்நோய் உண்டென்பதை யான் கேட்டறிந்திருக்க வேண்டும், கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் புழுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நெஞ்சின் ஆழத்துக்குச் செல்வது கண்ணுக்குத் தெரியாத நுண்டூசி. களிமண்ணிலும் மணலிலும் செங்கற்பொடியிலும் உள்ள சிலிக்காத் தூசி நெடுங்காலம் உட்சென்றால் நுரையீரலைத் தழும்பாக்கும், அத்தழும்பு ஆறுவதில்லை. மூக்கில் துணி கட்டுதல் போதிய காப்பன்று. அரிதட்டு அதன்கீழ் வைத்த தகரப் பாத்திரத்தோடு இறுகப் பொருந்தவும், மேலே மூடி இறுகவும், வேலை திறந்த வெளியில் நடக்கவும் வேண்டும். இயக்கம் நின்று சிறிது நேரம் கழித்தே மூடியைத் திறக்கலாம்.

மாவுக்கு வேறோர் அபாயமும் உளது. 1785ஆம் ஆண்டு திசெம்பரில் இத்தாலியின் தூரின் நகரத்து மாக்கிடங்கு ஒன்றில், காற்றிற் பரந்த மாத்தூசி விளக்குச் சுடரிற் பற்றி வெடித்தது. 1878இல் அமெரிக்காவின் மினியாப்பொலிசு நகரத்து மாவாலை வெடித்துப் பதினெண்மர் மாண்டனர். எம் கருவியில் ஏறுவது பிடியளவு மாவெனினும், தூரிகையுள்ள மோட்டர் உள்ளே பொறி விடும் இயல்பினது. அதனைத் தூசி நிறைந்த பெட்டிக்குள் அடைத்தல் தகாது. கந்தகம், கரி, உலோகப்பொடி இவற்றை இக்கருவியில் ஏற்றவே கூடாதென்று கைப்பணி அறைச் சுவரில் எழுதி ஒட்டியுள்ளோம்.

இப்பொழுது மண்ணைப் பெரும்பாலும் நீரிற் கரைத்தே வலையில் வடிக்கிறோம். நீர் துகளை ஒட்டாது பிரித்துக் கொண்டுபோகும், தூசி எழாது. அதிர்வும் சிறிதளவு போதும். வடித்த குழம்பு உலர மூன்று நாட் பிடிக்கிறது. சென்ற ஆண்டு சுட்ட உருவத்திற் சில்லு எதுவும் இதுவரை தெறிக்கவில்லை. இழுப்பு வந்த மாணவன் வடிக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். அரிசிமா இடித்து விற்கும் அவன் தாயார் ஒருநாட் கல்லூரிக்கு வந்து, அந்தத் தொங்கும் அரிதட்டைத் தமக்குச் சில நாட் தரலாமோ என்று கேட்டார். மண்ணரித்த வலை மாவுக்கு ஆகாது. தேய்ந்த வலையிற் கம்பித்துண்டு முறிந்து மாவில் விழவுங்கூடும். ஆகவே அதனைக் கொடுக்கவில்லை. துருப்பிடியா உருக்கில் 40 எண் புதுவலை ஒன்று வாங்கி, அவருக்கென வேறொன்று செய்யும் வேலையை மாணவர் தொடங்கியிருக்கின்றனர். ரியூபுத் துண்டுகள் நான்கும் வெட்டியாயின. மோட்டர் இனித்தான் தேடவேண்டும்.