முதல் குடித்தனக்காரன்

ஆறு மீன்களைச் சாகக் கொடுத்த மனிதர் மற்றவர்களுக்கு மீன் வளர்க்கும் வித்தையை உபதேசிக்கப் புறப்படுவது என்ன நியாயம் என்று என் மைத்துனர் கேட்கிறார். தங்கமீனையும் மோலியையும் தவிர வேறொன்றையும் தொட்டறியாத அவருக்கு, சாகக் கொடுத்தவனுக்குத்தான் அது எதனால் செத்தது என்பது தெரியும் என்ற சாதாரண விஷயம் புலப்படவில்லை. அவருக்கும், அவரோடு சேர்ந்து சிரித்த வேறு சிலருக்குமாகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. கூடத்தில் குழித்தறி, எதிர்ச்சுவர் ஓரம் பவளப்பாறை மீன்களுக்கான கடல்நீர்த் தொட்டி. 1909 ஆம் ஆண்டு சென்னை மெரினாக் கடற்கரையில் திறக்கப்பட்ட மீன் காட்சிசாலையை, சேலை மூட்டையோடு பட்டணம் போன நாளில் பார்த்துவிட்டு வந்து, கண்ணாடிக்குப் பின்னால் சமுத்திரமே நின்றது என்று என் பாட்டனார் வர்ணிக்கக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சமுத்திரத்தில் ஒரு மூலையையாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசை அறுபத்தைந்து வயதில்தான் கைகூடிற்று. 2019 ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி எங்கள் ஊர்ப் பெருமாள் அத்தி வரதர் தரிசனம் தரப்போகிறார், நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை நேரும் அந்த வைபவத்துக்கு உறவுக்காரர் அத்தனை பேரும் நம் வீட்டில்தான் வந்து தங்குவார்கள், அவர்கள் கண் விரியும்படி கூடத்தில் ஒன்று இருக்க வேண்டும் என்ற அற்பப் பெருமையும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன்?

தொட்டி நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்; சுமார் 250 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கடல் உப்புக் கலவை, ஆர்.ஓ. தண்ணீர், பம்பு, விளக்கு இவையெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும், விஸ்தரிக்கத் தேவையில்லை. ஆவியாகிக் குறைவது தண்ணீர்தான், உப்பு அல்ல. ஆகையால் தினமும் விடுவது நல்ல தண்ணீராகவே இருக்கட்டும். கூடத்தில் தறி வைத்திருப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மீன் தறிச் சத்தத்துக்கு நாலே நாளில் பழகிவிடும்.

பவளமே இல்லாமல் என்ன பவளப்பாறைத் தொட்டி என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கடலில் பாறை கட்டும் பவள உயிர்களும், குழந்தைகள் ஆசைப்படுகிற கடற்குதிரையும், 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 இல் முதலாம் அட்டவணையில், அதாவது புலிக்குச் சமமாக, வைக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து பெயர்த்து வந்த பாறையை மறைவாக விற்க ஒருவர் என்னிடமும் வந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டுச் செயற்கைப் பாறையை அடுக்கிக்கொண்டேன். அந்த ஒரு காரியத்தில் நான் தவறவில்லை.

தவறியது வேறிடத்தில். புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா விஷமானது. அதைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அந்த நுண்ணுயிர்களுக்கு முதல் ஆகாரமாக எதையாவது போட வேண்டுமே. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிடுவது சகஜமான வழி. ஏகாம்பரநாதர் கோயில் மணி காதில் விழுகிற சைவ வீட்டில், மாமியார் உயிரோடு நடமாடுகையில், கூடத்தில் இறாலை அழுகவிட எனக்குத் தைரியமில்லை. சென்னையில் ஒரு கடைக்காரரிடம் இந்தச் சங்கடத்தைப் பிரஸ்தாபித்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "எறால் எதுக்கு சார்? டோமினோ மூணு விடுங்க. அது எதுக்கும் சாகாது. அது தாங்கிச்சுன்னா மத்த மீனெல்லாம் தாங்கும்" என்றார். சாகாது என்று அவர் சொன்னது மூன்றில் ஒன்றின் மட்டில் சத்தியம். அது மற்றவற்றைச் சாகடிக்கும் என்பதைத்தான் சொல்லவில்லை.

கட்டைவிரல் நகத்தளவு கருங்குட்டிகள் மூன்று. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, விலாவுக்கு ஒன்றாக இரண்டு. பார்ப்பதற்குப் பூஜை அறையில் வைக்கலாம் போன்ற சாது லட்சணம். மூன்றாம் வாரத்தில் ஒன்று செத்து மிதந்தது; ஐந்தாம் வாரத்தில் இன்னொன்று. எஞ்சிய ஒன்று தொட்டியின் நடுப்பாறையில் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, நான்கு அடி நீளமும் தன் பட்டா நிலம் என்று தீர்மானித்துவிட்டது. அம்மோனியா நின்று தண்ணீர் தெளிந்த சந்தோஷத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு ஜோடி கிளவுன் மீன்களை விட்டேன். வந்த மறுநிமிஷமே டோமினோ பொந்திலிருந்து அம்பு போலக் கிளம்பி முதல் மீனின் வாலைப் பிய்த்தது. இரண்டும் பம்புக் குழாய்க்குப் பின்னால் ஒரு விரல் இடுக்கில், தலை மேலாகச் செங்குத்தாக, ஒன்றையொன்று ஒட்டி நின்றுகொண்டு, உணவு தூவும்போதுகூட வெளியே வரவில்லை. வெள்ளைப் பட்டைகளுக்கு இடையே ஆரஞ்சு நிறம் நாளுக்கு நாள் சாயம் போன பட்டுப் போல வெளுத்தது. நான்காம் நாள் ஒன்று, எட்டாம் நாள் ஒன்று. பாறைகளை மாற்றி அடுக்கினால் பழைய எல்லை மறந்துபோகும் என்று படித்ததை நம்பி, மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்து, இருட்டில் இரண்டு ஃபயர்ஃபிஷ் விட்டேன். பயந்த சுபாவமும் மிரண்டால் துள்ளும் வழக்கமும் உடைய மீன் அது. தொட்டிக்கு அன்று மூடி கிடையாது. மூன்றாம் நாள் விடியற்காலையில் தறியில் உட்காரப் போன என் மனைவி, "ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். தறிக்குழியில், மிதிக்கட்டைக்கு அருகில், வெள்ளையும் சிவப்பும் கலந்த ஒரு காய்ந்த சருகு. முதுகில் கொடி போல நீண்ட அந்தத் துடுப்பு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. அன்று அவள் நெய்யவில்லை. ஜோடியை இழந்த மற்றது ஆகாரம் எடுக்காமல் இரண்டே நாளில் போயிற்று.

உறவினர்கள் வந்தார்கள். நாற்பது வருஷம் நீருக்குள் சயனித்திருந்த பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்கள், என் தொட்டியில் ஒற்றைக் கறுப்பு மீன் உலாத்துவதைப் பார்த்து, இவ்வளவு பெரிய தொட்டியில் இது ஒன்றுதானா என்றார்கள். ஜனசமுத்திரத்தில் ஊருக்குள் வண்டி நுழைய முடியாத அந்த 48 நாளும் டோமினோவைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது, வித்த மீனைத் திரும்ப எடுக்கிறதில்லை சார் என்று முடித்துவிட்டார். தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி, உள்ளே தீனி போட்டுப் பொறி வைத்தேன். வாயிலிலேயே நின்று முறைத்ததேயொழிய உள்ளே நுழையவில்லை. ஆகஸ்டு 17 ஆம் தேதி வைபவம் முடிந்து ஊர் அமைதியான பிறகு, பாறை அத்தனையையும் வெளியே எடுத்துவிட்டு மூன்று மணி நேரம் வலையோடு போராடி அதைப் பிடித்தேன். மணல் கலங்கி, அம்மோனியா மறுபடி ஏறி, தொட்டி மீண்டும் முதலிலிருந்து.

கோர்வைச் சேலைக்குப் பாவு பூட்டியான பிறகு கரை நிறம் பிடிக்கவில்லை என்று மாற்ற முடியுமா? தலைமுறை தலைமுறையாக இதை அறிந்த வீட்டில் பிறந்தவன் மீன் விஷயத்தில் மறந்தேன். யாரோடு யார் ஒத்துப்போகும் என்று கேட்பவர்கள், யார் முதலில் வருகிறார்கள் என்று கேட்பதில்லை. சாதுவான மீன் முதலில் வரட்டும். அது இடம் பிடித்து, கூப்பிட்டால் தீனிக்கு வரப் பழகியபின் கிளவுன். முரடு ஏதாவது வேண்டுமென்றே தோன்றினால் கடைசியில், ஒன்றே ஒன்று. இறாலுக்கு அஞ்சுபவர்களுக்கு நவாச்சாரம் இருக்கிறது. ஈயம் பூசுபவர்களின் கட்டி வேண்டாம், ரசாயனக் கடைகளில் கிடைக்கும் சுத்தமான தூளைச் சிட்டிகை அளவில் கரைத்தால் அதே அம்மோனியா. ஒரு மீனின் பிராணனும் போகாது. இதை அன்றே அறிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். கிளவுன் ஒரு ஜோடிக்கு மேல் வேண்டாம். சிறு வயதில் இரண்டை வாங்கினால் பெரியது பெண்ணாகும், அது செத்தால் ஆண் பெண்ணாக மாறும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கிளவுனைக் குஞ்சு பொரிக்க வைப்பதில் ஜெயித்திருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன் உலர்ந்த தீனியைத் தயங்காமல் தின்னும். சிங்கமீன் வாயில் நுழைகிற எதையும் விழுங்கும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தைக் கொத்தித் தின்னும். வால் அடியில் கத்தி வைத்திருக்கும் சர்ஜன் மீனுக்கு நான்கு அடித் தொட்டி சிறைச்சாலை. வெள்ளைப்புள்ளி நோயும் அதைத்தான் முதலில் பிடிக்கும், அதற்குப் போடும் தாமிர மருந்தோ இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். ஆகவே புதுமீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பாருங்கள். அக்கினி நட்சத்திரத்தில் தொட்டி சூடேறாமல் இருக்கத் தண்ணீரின் மேல் மின்விசிறி வேண்டும்.

இப்போது என் தொட்டியில் ஒரு கோபி மீனும், ஒரு பிஸ்டல் இறாலும், ஒரு கிளவுன் ஜோடியும் சௌக்கியமாக இருக்கின்றன, மூடியும் இருக்கிறது. கண் சரியாகத் தெரியாத இறால் ஓயாமல் வளை தோண்ட, வாசலில் கோபி காவல் நிற்கிறது. இறாலின் மீசை ஒன்று எப்போதும் கோபியின் மேல் பட்டுக்கொண்டே இருக்கும், கோபி வாலை அசைத்தால் இறால் உள்ளே ஓடிவிடும். தறியின் இந்தப் பக்கம் ஒருவர் நெய்ய, அந்தப் பக்கம் கரை நாடாவை எறியத் துணையாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உயிருள்ள இறால் கூடத்தில் வசிப்பதைப் பற்றி மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

டோமினோ பின்கட்டில் தனித் தொட்டியில் இருக்கிறது. ஐந்து அங்குலம் வளர்ந்து, பொட்டெல்லாம் மங்கி, மாமியார் கையால் தினம் இரண்டு வேளை தின்கிறது. ஆறு அடிக்கு மேல் தொட்டியும், அதில் ஏற்கெனவே முரட்டு மீன்களும் வைத்திருப்பவர்கள் யாராவது காஞ்சிபுரம் பக்கம் வந்தால், மூடியுள்ள வாளி ஒன்றோடு வாருங்கள். விலை கேட்க மாட்டேன்.