கற்பித்தால் மட்டும் போதுமா?

ஆண்டுப் பாடங்களைக் குறித்த காலத்தில் நடத்தி முடித்துவிட்டால் ஆசிரியர் கடமை தீர்ந்ததா? நாற்று நட்டதோடு வேளாண்மை முடிந்தது என்று எந்த உழவரும் சொல்வதில்லை. பயிர் வெளுத்தால், விதையைப் பழித்துவிட்டு வீடு திரும்பாமல், நீர் குறைந்ததா, பூச்சி விழுந்ததா என்று வயலில் இறங்கிப் பார்க்கிறார். கல்விக்கும் இதுவே முறை.

ஒரு குழந்தை 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதுவதாகக் கொள்வோம். தவறு என்று கோடிட்டு விடுவது எளிது. உற்று நோக்கினால், இரண்டிலிருந்து எட்டைக் கழிக்க இயலாமல், எட்டிலிருந்து இரண்டைக் கழித்திருப்பது விளங்கும். குழந்தை மந்தமன்று, கடன் வாங்கும் முறை மனத்தில் பதியவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால், 14 என்னும் விடையை அதுவே கண்டுகொள்ள வழி பிறக்கும்.

வீட்டில் பாடம் சொல்லித்தருவார் இல்லை என்பது பல இல்லங்களில் உண்மையே. ஆயினும், அத்தகைய குழந்தைக்கன்றோ ஆசிரியர் துணை மிகுதியாக வேண்டும்! 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனை அறிந்து, தேவையான கூடுதல் பயிற்சி அளிப்பதை ஆசிரியரின் கடமையாக விதிக்கிறது. எனவே, ஆண்டுத் தொடக்கத்திலேயே குழந்தைகளைத் தனித்தனியே படிக்கச் செய்து, யார் எந்நிலையில் உள்ளனர் என்று குறித்துக்கொள்வது நலம். பின்தங்கியோரைச் சிறு குழுவாக அமர்த்தி நாள்தோறும் சிறிது நேரம் பயிற்றலாம்.

இப்பொறுப்பை ஆசிரியர் தோளில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. அச்சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. கூட்டத்தில் சுற்றுச்சுவர், குடிநீர் பற்றிக் கேட்கும் நாம், "முன்பின் பாராத ஒரு பத்தியைத் தடையின்றிப் படிப்போர் எத்தனை பேர்?" என்றும் கேட்க வேண்டும். குற்றம் காண்பதற்காக அன்று, துணை நிற்பதற்காகவே கேட்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாராத பிற பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதி. அதைக் காப்பது நம் பொறுப்பு. களையெடுப்புக்கும் அறுவடைக்கும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் இருப்பதும் நம் பொறுப்பே.

எழுத்தறியாமல் ஐந்தாம் வகுப்பைக் கடக்கும் குழந்தைக்கு ஆறாம் வகுப்பின் எல்லாப் புத்தகங்களும் மூடிய கதவுகளே. அக்கதவைத் திறக்க வேண்டிய காலம் தொடக்கப்பள்ளிக் காலமே.