எங்கள் ஊர்க் காற்று

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது பழமொழி. அம்மி பறந்ததை நாங்கள் கண்டதில்லை. ஆனால் வீட்டுக் கூரை பறந்ததைக் கண்டிருக்கிறோம். அது ஆடியில் அன்று, ஐப்பசியின் முடிவில்! வேதாரண்யத்தில் மலையும் இல்லை, எரிமலையும் இல்லை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, நடுவே சமவெளி. காற்றைத் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லாத இவ்வூரில், எங்கள் உணவும் தொழிலும் நலமும் காற்றை நம்பியே இருக்கின்றன. ஆகவே அதைப் பற்றி அறிந்துகொள்வது நம் கடமை அன்றோ?

காற்று சுமக்கும் பொருள்கள்

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் உண்டு என்று பாடத்தில் படித்தோம். இவற்றோடு நீராவி, தூசி, புகை ஆகியவற்றையும் காற்று சுமந்து வருகிறது. எரிமலை உள்ள நாடுகளில் சாம்பலும் கந்தகப் புகையும் சேர்ந்துகொள்ளும். அவை அந்நாட்டோடு நிற்பதில்லை. 1883 ஆகஸ்டு 27-ஆம் நாள் இந்தோனேசியாவில் கிரகதோவா எரிமலை வெடித்தது. அடுத்த மாதமே சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாகத் தெரிந்ததைக் கண்டு மக்கள் வியந்தார்கள். காற்றுக்கு எல்லைக் கோடு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எங்கள் ஊர்க் காற்று சுமப்பது உப்பை. அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து நுண்துளிகள் மேலே தெறிக்கின்றன. துளியின் நீர் உலர்ந்ததும் உப்புத் துகள் மட்டும் காற்றில் மிதக்கிறது. சன்னல் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் இங்கே விரைவில் துருப்பிடிப்பது இதனால்தான். ஆயினும் அந்தத் துகளைக் குறை சொல்ல வேண்டாம். அதைச் சுற்றித்தான் வானத்தில் நீராவி படிந்து மேகத் துளி உண்டாகிறது. உப்பளத்து உப்பைக் கரைக்கும் மழைக்கும் உப்பே வித்து என்பது இறைவன் படைப்பின் விந்தை!

நான்கு திசைக் காற்று

நம் முன்னோர் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் அழைத்தார்கள்.

சித்திரை, வைகாசி மாலைகளில் கடலிலிருந்து வரும் தென்றல் வெயிலின் களைப்பைப் போக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு, இங்கு வெறுங்கையோடு வறண்டு வந்து சேர்கிறது. அம்மலைமேல் பெய்த மழை காவிரியாக வந்து, கடைமடையாகிய நம் வயல்களைத் தேடி வருகிறது. ஐப்பசியில் கொண்டல் மேகத்தைக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்குப் பெருமழை. மார்கழியில் வாடை வீசும்போது கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிநாட்டுப் பறவைகள் கூடியிருக்கும்.

உப்பும் காற்றும்

தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் ஊர் வேதாரண்யம். 1930-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து, ஏப்ரல் 30-ஆம் நாள் உப்பெடுத்தது இவ்வூரில்தான். அது சித்திரை மாதம். வெயிலும் காற்றும் கூடி உப்பு விளையும் காலம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அந்நீரின் அடர்த்தியை அதற்குரிய கருவியால் அளந்தால் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து 25 டிகிரி வந்தால்தான் உப்புப் பூக்கும். வெயில் மட்டும் போதாது. நீரின்மேல் தேங்கும் ஈரக் காற்றை உலர்ந்த காற்று வந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே உழவர்கள் வெறுக்கும் வறண்ட காற்றை உப்பளத் தொழிலாளர்கள் வரவேற்கிறார்கள். உழவர்கள் வேண்டும் மழை வந்தாலோ உப்பு வாரும் வேலை நின்றுவிடும். ஒரே வகுப்பில் உழவர் மகளும் உப்பளத் தொழிலாளி மகளும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கிறோம். ஒருத்தி வீட்டில் மகிழ்ச்சி பொங்கும் நாளில் மற்றவள் வீட்டில் அடுப்பைப் பற்றிக் கவலை! இதை அறிந்த பின்பு, "நல்ல மழை" என்று சொல்லும் முன் பக்கத்தில் இருப்பவளையும் நினைத்துக்கொள்கிறோம்.

காற்று சீறினால்

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். அப்போது நாங்கள் சிறுமிகள். விடிந்து பார்த்தபோது தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. உப்பளங்களில் சேறு படிந்திருந்தது. அன்று உழவர், உப்பளத்தார், மீனவர் என்ற வேறுபாடு இல்லை; எல்லாரும் ஒரே வரிசையில் நின்று உணவு பெற்றோம்.

புயலை நிறுத்த நம்மால் முடியாது. அதன் அறிவிப்பைப் படிக்க முடியும். துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. 1, 2 என்றால் தொலைவில் புயல் சின்னம். 3, 4 என்றால் துறைமுகத்துக்கு மோசமான வானிலை. 5, 6, 7 என்றால் ஆபத்து. 8, 9, 10 என்றால் பெரும் ஆபத்து. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இவ்வெண்களை வாய்ப்பாடுபோல மனப்பாடம் செய்து பாட்டிமாருக்கும் சொல்லிக் கொடுப்போம்.

நாமே கெடுக்கும் காற்று

காற்றில் உள்ள மிக நுண்ணிய துகள்கள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் ஆழத்துக்கே போய்விடுகின்றன. விறகுப் புகையிலும் குப்பைப் புகையிலும் இவை மிகுதி.

தை பிறக்கும் முன்னால் வரும் போகியன்று இது பெரிதாகிறது. அக்காலத்து விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருப்பதுண்டு. அப்போது புகை மேலே ஏறாமல், மூடி போட்ட பானையில் அடைபட்டதுபோல் தங்கிவிடும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. பழைய பாயும் துடைப்பமும் எரித்த காலம் போய், இன்று பிளாஸ்டிக்கும் ரப்பரும் அந்த நெருப்பில் விழுகின்றன. மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்தக் காலை எவ்வளவு துன்பம்!

முடிவுரை

புயலும் மழையும் நம் கையில் இல்லை. போகி நெருப்பு நம் கையில் இருக்கிறது. வருகிற போகியன்று நம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் எரியாமல் பார்த்துக்கொள்வோம். பெற்றோர்களே, அன்று நாங்கள் தடுத்தால் எங்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். காற்றையும் கடலையும் அதட்டி அமைதியாக்கிய ஆண்டவர், உழவருக்கு மழையையும் உப்பளத்தாருக்கு உலர்ந்த காற்றையும் அவரவர் காலத்தில் தந்தருள்வாராக!