காட்டுக்குத் திரும்ப எட்டு வருஷ கோர்ஸ்

நாம நாலு வருஷத்துல டிகிரி முடிச்சிடுவோம் (அரியர் இல்லாட்டி!). ஆனா ஒரு ஒராங்குட்டான் குட்டி காட்டுல பிழைக்கக் கத்துக்கவே ஏழெட்டு வருஷம் ஆகும். அதுக்கு ஒரே டீச்சர் அம்மாதான். அந்த அம்மாவையே கொன்னுட்டா?

போர்னியோ தீவுல இதுதான் நடக்குது. குட்டியைத் தாய் விடவே விடாது. அதனால தாயைக் கொன்னுட்டுதான் குட்டியைப் பிடிச்சு விக்கிறாங்க. 2016-ல் போர்னியோ ஒராங்குட்டானை, அழிவின் விளிம்பில் இருக்கும் இனம்னு ஐ.யு.சி.என். அறிவிச்சது.

இப்படி மீட்கப்பட்ட குட்டிகளுக்கான இடம்தான் இந்தோனேசியாவின் கிழக்கு கலிமந்தானில் உள்ள சம்போஜா லெஸ்தாரி. இது அரசு காடு இல்லை. காட்டுத்தீயில் அழிஞ்சு, அலாங்-அலாங் புல் மட்டும் மண்டிக் கிடந்த நிலத்தை 2001-லிருந்து பி.ஓ.எஸ். என்ற அமைப்பு கொஞ்சம் கொஞ்சமா வாங்கி, மரம் நட்டு, சுமார் 1,850 ஹெக்டேரில் மழைக்காடா மாத்தினது.

சரி, சிலபஸ் என்னன்னு பார்ப்போமா?

முதல்ல குவாரன்டைன். காசநோய், ஹெபடைட்டிஸ் மாதிரி நம்ம நோய்கள் அதுங்களுக்கும் தொத்தும். நோயோட காட்டுக்குப் போகக் கூடாது.

அடுத்து வனப்பள்ளி. மரம் ஏறணும், எந்தப் பழம் சாப்பிடலாம்னு தெரியணும், தினமும் சாயங்காலம் கிளைகளை மடிச்சுப் புதுசா ஒரு கூடு கட்டணும். மனுஷங்க கிட்டேயிருந்து விலகவும் கத்துக்கணும்.

மூணாவது, தீவு. ஒராங்குட்டானுக்கு நீச்சல் தெரியாது. அதனால சுத்தி தண்ணி இருந்தாலே போதும், வேலி வேண்டாம். மனுஷ உதவி குறைஞ்ச இந்த இடத்துல தேறினாதான் ரிலீஸ்.

ரிலீஸ் சம்போஜாவிலேயே இல்லை. அங்கே இடம் பத்தாது. அதுக்காக 2010-ல் கெஹ்ஜே செவென் என்ற 86,450 ஹெக்டேர் காட்டுக்கு உரிமம் வாங்கினாங்க. அந்தப் பேருக்கு அங்குள்ள வெஹேயா தயாக் மொழியில் 'ஒராங்குட்டான்'னுதான் அர்த்தம். 2012-லிருந்து அங்கே விடுறாங்க.

இப்ப ஈ.சி.இ. மக்கள் கவனிங்க! விட்டதும் எப்படித் தேடுறது? காலர் மாட்டினா கையாலேயே பிச்சுப் போட்டுடும். ஆணுக்கு வளர வளர கழுத்தும் பெருத்துடும். அதனால தோலுக்கு அடியில் ஒரு குட்டி ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வைக்கிறாங்க. நம்ம எஃப்.எம். வேலை செய்யற அதே வி.எச்.எஃப். பட்டைதான். கையில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, சிக்னல் எந்தப் பக்கம் பலமா வருதோ அந்தப் பக்கம் நடக்கணும். மலையும் ஈர இலையும் சிக்னலைத் தின்னுடும். பேட்டரியும் சில வருஷம்தான் தாங்கும். சிக்னல் கிடைச்சா, காலையில் கூட்டை விட்டுக் கிளம்புறதிலிருந்து அடுத்த கூடு கட்டுற வரைக்கும் பின்னாடியே போய்க் குறிப்பு எடுப்பாங்க.

எல்லாமே பாஸ் ஆகிறதில்லை. ரொம்ப வருஷம் கூண்டில் இருந்தது, நோய் உள்ளது, மனுஷனைப் பிரியவே தெரியாதது, இதெல்லாம் கடைசி வரைக்கும் சரணாலயத்திலேயேதான்.

டயப்பர் கட்டின ஒராங்குட்டான் குட்டி வீடியோவை நானும் "செம க்யூட்"னு ஷேர் பண்ணினவன்தான். இப்ப அதைப் பார்த்தா முதல்ல தோணுற கேள்வி ஒண்ணுதான்: இதோட அம்மா எங்கே?

அடுத்த தடவை ஃபார்வேர்ட் பண்றதுக்கு முன்னாடி நீங்களும் கேட்டுப் பாருங்க.